சும்மா இன்டர்நெட் பார்க்கத்தானே!

கேள்வி: எனக்கு 67 வயது. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலையில் நாளிதழ்களை இணையத்தில் படிப்பேன், யூடியூப்பில் கச்சேரி கேட்பேன், யூனிஃபை பில், மின்கட்டணம் கட்டுவேன், மெல்பர்னில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவேன். அவ்வளவுதான் என் தேவை. கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறேன். பேரன், "ஐ7 இல்லாட்டி வாங்காதீங்க பாட்டி" என்கிறான். கடைக்காரப் பையனோ, "சும்மா சர்ஃபிங்தானே ஆன்ட்டி, 4 ஜிபி தாராளம்" என்று 1,100 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினியைக் காட்டினான். யார் பேச்சைக் கேட்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, செந்தூல்

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் டீச்சர். பேரனாவது பாட்டி மேல் உள்ள ஆசையில் சொல்கிறான். கடைப் பையன் சொன்னதுதான் ஆபத்து.

அந்த "சும்மா சர்ஃபிங்தானே" எனக்கு ரொம்பப் பழக்கம். இம்பி பிளாசாவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். அதைச் சொல்லியே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். 2018இல் கிள்ளானில் இருக்கும் என் அக்காவுக்கே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். 4 ஜிபி நினைவகம் (ரேம், வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் இடம்), 32 ஜிபி சேமிப்பு (படம், பாட்டெல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம்). ஆறு மாதம்கூட ஆகவில்லை, விண்டோஸ் அப்டேட் வந்தது, இறங்க இடமில்லை. அக்கா படங்களை அழித்தார், பாட்டுகளை அழித்தார், அப்போதும் போதவில்லை. தீபாவளிக்குப் போனபோது முறுக்குத் தட்டை ஒரு கையிலும் அந்தக் கணினியை இன்னொரு கையிலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

இணையம் பார்ப்பது லேசான வேலை என்று நாம் நினைப்பது பழைய கணக்கு. இன்றைக்கு உங்கள் கணினியில் அதிகமாகத் தின்பதே பிரவுசர்தான். 2008இல் கூகுள் குரோம் வந்தபோதே, ஒவ்வொரு டேபையும் தனித்தனி வேலையாக ஓட்டும் முறையோடு வந்தது. ஒன்று முடங்கினாலும் மற்றவை பிழைக்கும், அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக நினைவகம் வேண்டும். விண்டோஸ் தன் பங்குக்கு 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். திரைக்கான கிராஃபிக்ஸும் விலை குறைந்த மடிக்கணினிகளில் அதே நினைவகத்தில்தான் கை வைக்கும். மிச்சத்தில் நாளிதழ், யூடியூப், மகளின் முகம் எல்லாம் எங்கே உட்காரும்? இடம் நிரம்பினால் கணினி சேமிப்பில் எழுதி எழுதி எடுக்கும். அந்தச் சேமிப்பும் மெதுவானது என்றால் நீங்கள் கிளிக் செய்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வரலாம்.

அதனால் கடைக்குள் நுழைந்ததும் செயலி ஐ3யா ஐ7ஆ என்று கேட்க வேண்டாம். நினைவகம் 8 ஜிபியா, சேமிப்பு எஸ்எஸ்டியா (சுழலும் டிஸ்க் இல்லாத வேகமான வகை), அது 256 ஜிபியா என்று கேளுங்கள். விவரத் தாளில் "இஎம்எம்சி" என்று கண்ணில் பட்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். அது போர்டிலேயே ஈயத்தால் ஒட்டிப் பற்ற வைத்த மெதுவான சேமிப்பு, பின்னால் மாற்றவும் முடியாது. நினைவகமும் பற்ற வைத்ததா, கூட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பற்ற வைத்தது என்றால் வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசிவரை.

செயலியைப் பற்றி நாலு வரி போதும். இன்டெல் செலரான் என்4020 இரண்டு கோர் (கோர் என்றால் செயலிக்குள் கணக்குப் போடும் மூளை). அதைத் தள்ளிவிட்ட கடைக்காரருக்கு லாபம், உங்களுக்கு எரிச்சல். 2023இல் வந்த இன்டெல் என்100 நாலு கோர். நீங்கள் சொல்லும் வேலைக்குப் போதும். ஐ3-1215யூ கிடைத்தால் இன்னும் சுறுசுறுப்பு. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 7320யூ, 7520யூ என்று பார்ப்பீர்கள். 7இல் தொடங்குவதால் அத்தனையும் புதுசு என்று பையன்கள் அடித்துப் பேசுவார்கள். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் உள்ளே இருப்பது 2019இல் வந்த சென் 2 வடிவமைப்பு. கெட்டதில்லை, ஓடும். ஆனால் இவற்றில் நினைவகம் பற்ற வைத்தே வரும், 8 ஜிபிக்குக் கீழே தொடவே வேண்டாம்.

உங்கள் 1,500 வெள்ளிக்கு நான் என்ன வாங்குவேன்? புதுசுதான் வேண்டும் என்று மனசு சொன்னால் என்100, 8 ஜிபி, எஸ்எஸ்டி. என் அக்காவுக்குக் கடைசியில் நான் கொடுத்தது பழசு: அலுவலகங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த, துடைத்துச் சரிபார்த்து விற்கும் லெனோவோ திங்க்பேட் டி480. விசைப்பலகை அத்தனை மிருதுவாக இருக்கும், மாணவர் கட்டுரை திருத்திய விரல்களுக்குப் பிடிக்கும். நினைவகத்துக்கு இரண்டு இடம் உண்டு, பின்பக்கப் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும். அதே தோற்றத்தில் பக்கத்தில் இருக்கும் டி470 பெரும்பாலும் ஐ5-7200யூ. 7ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விலை வித்தியாசம் கொஞ்சம்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பழசு வாங்கினால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. அதில் "டிசைன் கெப்பாசிட்டி", "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசலாம். எடுத்துக் காட்ட மறுத்தால் அதுவே பதில்.

கண் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். கடையிலேயே ஒரு தமிழ் நாளிதழ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்க வெள்ளை சாம்பலாகி, கறுப்பு வெளுத்தால் அது டிஎன் திரை. ஐபிஎஸ் திரையில் நிறம் அப்படி ஓடாது. அடுத்து 1366க்கு 768 புள்ளி என்பதைவிட 1920க்கு 1080 எழுத்தைத் தெளிவாகக் காட்டும். "ணை", "ழூ" போன்ற நெளிவுள்ள எழுத்துகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம். மங்கலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மகளோடு பேசும் கேமராவையும் அங்கேயே திறந்து உங்கள் முகத்தைப் பாருங்கள். கடை விளக்கிலேயே இருட்டாக இருந்தால் வீட்டு வரவேற்பறையில் பேய் மாதிரித்தான்.

செந்தூலிலிருந்து எல்ஆர்டி ஏறி ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் இம்பி, அங்கிருந்து லோ யாட் நடக்கும் தூரம். வார நாளில் காலையிலேயே போங்கள். கீழ்த்தளத்தில் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். மூன்று கடையில் விலையைத் தாளில் எழுதி வாங்கிய பிறகு உட்கார்ந்து யோசியுங்கள். இலவசப் பை, இலவச மவுஸ், "ஆஃபிஸ் போட்டுத் தரேன் ஆன்ட்டி" எதற்கும் மயங்க வேண்டாம். திருட்டு ஆஃபிஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. வைரஸ் காவலும் விண்டோஸோடே வருகிறது.

கேள்வி: என்னுடையது ஐ5 7ஆம் தலைமுறை, விண்டோஸ் 10. இனி ஆபத்து என்கிறார்கள். தூக்கிப் போடவா?
– பட்டவொர்த் வாசகர்

பதில்: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிந்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். மற்றபடி உடம்பு நன்றாக இருக்கும் கணினி அது. பழைய சுழலும் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கொம்தாரில் செய்து தருவார்கள். பிரவுசர் அதே பிரவுசர்தான், நாலு நாளில் பழகிவிடும்.

கேள்வி: விலை குறைவாக இருக்கிறதே என்று குரோம்புக் வாங்க நினைக்கிறேன். சரியா அண்ணே?
– கல்லூரி மாணவி, பூச்சோங்

பதில்: குரோம்புக் என்பது விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினி. உன் வேலை முழுக்க பிரவுசரில் என்றால் சரிதான் தங்கச்சி. ஆனால் கல்லூரியில் எந்த மென்பொருள் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரி. விண்டோஸ் மென்பொருள் அதில் ஏறாது. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருடப் புதுப்பிப்பு உண்டு. அந்தப் பத்து வருடம் மாடல் அறிமுகமான நாளிலிருந்து கணக்கு. நீ வாங்கும் நாளிலிருந்து என்று நினைத்துவிடாதே. மலிவு விற்பனையில் கிடப்பது பாதி ஆயுள் போனதாக இருக்கலாம். மாடல் பெயரைப் போட்டுக் கடைசித் தேதியைத் தேடிப் பார்த்துவிட்டு விலை பேசு.

கேள்வி: அம்மாவுக்கு மடிக்கணினி வாங்கித் தந்தேன். வருமான வரியில் கழிக்கலாமா?
– ஷா ஆலாம் வாசகர்

பதில்: முடியாது. வாழ்க்கைமுறைச் சலுகையின் 2,500 வெள்ளி வரம்புக்குள் கணினி வருகிறது. ஆனால் அது உங்களுக்கும், துணைவிக்கும், பிள்ளைகளுக்கும் வாங்கியதற்கு மட்டும். அதே வரம்புக்குள்தான் கைபேசி, புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் அடங்கும். அம்மாவுக்குக் கொடுத்ததைக் கணக்கில் எழுதாதீர்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அம்மாவிடம் இருக்காது.