பிக் பாஸ் தமிழ் ரசிகர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே இவ்வளவு மோசமாகச் சண்டை போடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு விஷயத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார். பிடிக்காத போட்டியாளரின் ரசிகர்களோடு சண்டை வருவது எல்லோருக்கும் புரியும். ஆனால் பிக் பாஸ் வீட்டுக்குள் நண்பர்களாக இருக்கும் இரண்டு பேரின் ரசிகர்கள், நேற்றுவரை ஒரே ஹேஷ்டேக்கை டிரெண்ட் செய்தவர்கள், திடீரென்று ஒருவரை ஒருவர் ஏன் இப்படிக் கிழிக்கிறார்கள் என்று கேட்கிறார். முதல் சீசனிலிருந்து பார்த்து வருகிறேன். சில ரசிகர் குழுக்களுக்குள் இருந்திருக்கிறேன். எனக்குப் புரிந்த வரையில் இதன் வேர் 2017 இல், முதல் சீசனில் போட்டியாளராக வந்த நடிகை ஓவியாவிடம் இருக்கிறது.

விஜய் டிவியில் ஜூன் 25, 2017 அன்று கமல்ஹாசன் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தபோது பலருக்கு இது என்ன மாதிரி நிகழ்ச்சி என்றே தெரியாது. போட்டியாளர்களை ஒரு வீட்டுக்குள் வைத்து, நடப்பதையெல்லாம் கேமராவில் காட்டி, மக்கள் வோட்டுக் குறைந்தவரை ஒவ்வொருவராக வெளியேற்றி, கடைசியில் ஒருவருக்குப் பட்டம் கொடுக்கிற ஆட்டம். முதல் சில வாரங்களிலேயே ஓவியா தனியாகத் தெரிய ஆரம்பித்தார். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து புறம் பேசும்போது எழுந்து போய்விடுவார். திட்டினால் அழுதுகொண்டு மூலையில் உட்காராமல், கொஞ்ச நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார். 'நீங்க ஷட் அப் பண்ணுங்க' என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. அவருடைய ரசிகர் கூட்டத்துக்கு 'ஓவியா ஆர்மி' என்ற பெயர் வந்ததும் அப்போதுதான். அதற்குப் பிறகு வந்த எல்லா ஆர்மிக்கும் அதுதான் தாய்.

அந்தப் பாசம் எவ்வளவு உண்மையானது என்று அப்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் சீரியல்கூடப் பார்க்காத பெரியவர்கள் அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டார்கள். அதற்குக் காரணம் அழகோ நடிப்போ இல்லை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாத உண்மை, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியும். சக போட்டியாளர் ஜூலி ஓவியாவைப் பற்றிச் சொன்னது நடந்ததற்கு மாறானது என்று நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். ஆனால் உள்ளே போய்ச் சொல்ல முடியாது. அந்த வார இறுதியில் கமல் ஒரு 'குறும்படம்' போட்டு, நடந்தது இதுதான் என்று எல்லோர் முன்னாலும் காட்டியபோது வந்த நிம்மதி சாதாரணமானது இல்லை. சாட்சி சொல்ல முடியாமல் தவித்தவருக்கு நீதிமன்றத்தில் குரல் கிடைத்த மாதிரி இருந்தது. மற்ற நாட்களில் நம்மிடம் இருந்த ஒரே குரல் வோட்டு. கூகுளில் தேடி வோட்டுப் போடுவது, மிஸ்டு கால் கொடுப்பது என்று வீடு வீடாக அதைச் செய்தார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மனதளவில் உடைந்துபோன நிலையில் ஓவியா வெளியேறினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் இப்போதும் வருத்தத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்குள் அவரோடு மோதிய ஜூலியும் சக்தியும் காயத்ரியும் வெளியே வந்தபோது அவர்கள்மீது கொட்டப்பட்ட வார்த்தைகளுக்கு அளவே இல்லை. அதிலும் ஜூலி சினிமாக்காரர்கூட இல்லை. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் கோஷம் போட்டுத் தெரியவந்த ஒரு செவிலியர். ஓவியாவே ஒரு வீடியோவில் பேசினார். ஜூலியையும் சக்தியையும் வெறுக்காதீர்கள், காயப்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யாருக்காகச் சண்டை போடுகிறோமோ அவரே வேண்டாம் என்று சொல்லியும் சண்டை நிற்கவில்லை. ரசிகர் சண்டை பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

ஏன் நிற்கவில்லை? அந்த சீசன் நமக்கு ஒரு கதையைப் பழக்கிவிட்டது. உள்ளே ஒருவர் தனியாக நிற்கிறார், மற்றவர்கள் கும்பலாகச் சேர்ந்து அவரை ஒதுக்குகிறார்கள், வெளியே இருக்கும் நாம்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு சீசனிலும் ஒவ்வொரு ஆர்மியும் தன் ஆளை அந்த இடத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறது. சீசன் 4 இல் ஆரி அப்படித்தான் ஜெயித்தார். 'அன்பு கேங்' என்று ஒரு பக்கத்தை வகுத்து, அதற்கு எதிரே தனி மனிதராக அவரை நிறுத்தினார்கள். அவருக்கு அந்தக் கதை நியாயமாகவே பொருந்தியது என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நாலு நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்கும் போட்டியாளரையும் 'தனியாக நிற்கிறார்' என்று காட்ட வேண்டுமானால், கூட இருக்கும் நண்பர்களை என்ன செய்வது? அவர்களைத் துரோகிகளாக்க வேண்டும். உள்சண்டை தொடங்குவது இங்கேதான்.

இதை நான் நேரடியாகப் பார்த்தது 2019 இல், சீசன் 3 இல். கவின், சாண்டி, தர்ஷன், முகேன், இவர்களோடு லாஸ்லியா. 'வி ஆர் தி பாய்ஸு' என்று பாடிக்கொண்டு திரிந்த கூட்டம். அந்த நட்பைப் பார்க்கவே பலர் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நான் தர்ஷன் ரசிகை. நான் இருந்த வாட்ஸ்அப் குழுவில் கவின் ரசிகர்களும் இருந்தார்கள், முகேனுக்காக மலேசியாவிலிருந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தர்ஷனும் லாஸ்லியாவும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்பதால் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். லாஸ்லியாவை அங்கே செய்தி வாசிப்பாளராக ஏற்கெனவே பார்த்தவர்கள், அவர் பேசும் தமிழை எங்களுக்கு விளக்குவார்கள். கனடாவில் இருந்த ஒரு அக்கா எபிசோடு முடிந்ததும் பெரிய பெரிய குரல் பதிவுகளாக அலசுவார். இவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் தினமும் ராத்திரி ஒரே விஷயத்தைப் பேசிச் சிரித்த நாட்கள் அவை. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

வில்லன்கள் என்று நாங்கள் நினைத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும்வரை எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் நாமினேஷனில், அதாவது வெளியேற்றத்துக்கான பட்டியலில், நம்மவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். முகேன் நேராக இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டார். ஐந்து லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று பிக் பாஸ் சொன்னபோது கவின் எழுந்து போனார். அதே வார இறுதியில், ஜெயிப்பார் என்று பலர் நினைத்திருந்த தர்ஷன் எலிமினேட் ஆனார்.

அன்றிரவு அந்தக் குழுவில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. கவின் போனதும் அவருக்கு விழவேண்டிய வோட்டெல்லாம் லாஸ்லியாவுக்குப் போனதால்தான் தர்ஷன் வெளியேறினார் என்று தர்ஷன் பக்கம் குற்றம் சாட்டியது. நண்பர்களுக்கு வழிவிட்டுத் தியாகம் செய்தவரையே திட்டுகிறீர்களே என்று கவின் பக்கம் கொதித்தது. தர்ஷன் எப்படியும் தப்பித்துவிடுவார் என்று நினைத்து இன்னொரு போட்டியாளரான ஷெரினுக்கு வோட்டுப் போட்டதாக ஒருவர் சொல்ல, அவரை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பழைய எபிசோடுகளைத் தோண்டி, இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் பிடித்த காட்சிகளையே வெட்டியெடுத்து, 'அன்றைக்கே முகத்தைப் பாருங்கள்' என்று ஆதாரமாகப் போட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் அவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே எங்கள் குழு உடைந்து இரண்டானது.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எதிராளியின் ரசிகரிடமிருந்து ஒரு வோட்டைக்கூட நம் பக்கம் திருப்ப முடியாது. பிடுங்க முடிந்த வோட்டு, நம் ஆளையும் கொஞ்சம் பிடித்தவரிடம் மட்டும்தான் இருக்கும். ஆகவே நெருங்கியவர்களைத்தான் குறிவைக்க வேண்டியிருக்கிறது. சீசன் 7 இலும் இதே கதைதான். 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனி ரெட் கார்டு கொடுத்து வெளியேற்றப்பட்டதும், கோபத்தில் இருந்த அவர் ரசிகர்கள் அர்ச்சனாவையும் விசித்ராவையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார்கள். கடைசி வாரங்களில் அந்த இருவருக்கும் இடையில் விலகல் வந்தவுடன் அந்தக் கூட்டமும் பிளந்தது. அர்ச்சனா வைல்டு கார்டில், அதாவது சீசனின் நடுவில், வந்து பட்டம் வாங்கினார். தமிழில் அப்படி ஜெயித்த முதல் ஆள் அவர்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைவிட யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்ற பேச்சுதான் அப்போது பெரிதாக இருந்தது.

சண்டைக்கு எண்ணெய் ஊற்ற வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வாரயிறுதி எபிசோடை சனிக்கிழமையே செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் எடுத்துவிடுவதால், யார் எலிமினேஷன் என்ற தகவல் ஒளிபரப்புக்கு முன்பே கசிந்துவிடும். அது உண்மையா இல்லையா என்பதில் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அடிதடி. யூடியூபில் ரிவ்யூ செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு கருத்துக்கணிப்பு நடத்துவார்கள். அதில் முதலிடத்தில் இருப்பவர் நிஜத்தில் வெளியேறினால் 'சேனல் ஏமாற்றிவிட்டது' என்பார்கள். கூடவே, ஹாட்ஸ்டாரில் இருபத்து நான்கு மணி நேர லைவ் வந்ததிலிருந்து ஒவ்வொரு ரசிகரும் தனக்கு வேண்டிய குறும்படத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். முதல் சீசனில் எல்லோரும் பார்த்தது ஒரே ஒரு மணி நேரம், எனவே வாதாட ஒரு பொது அடிப்படை இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி ஓடுகிறது. 'லைவில் பார்த்தீர்களா?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வாயடைக்க வேண்டியதுதான்.

சீசன் 6 பற்றிப் பலர் கேட்பார்கள். அசீம், விக்ரமன், ஷிவின் மூவரும் இறுதிவரை வந்த சீசன். விக்ரமன் அரசியல் கட்சியைச் சேர்ந்தவர், அவருக்கு வோட்டுப் போடச் சொல்லி அந்தக் கட்சித் தலைவர் திருமாவளவனே பதிவிட்டார். அதனால் அந்தச் சண்டை தேர்தல் சண்டையாகிவிட்டது. அது வேறு வகை, இந்தக் கேள்விக்குள் முழுசாக வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எந்த ஆர்மி எந்த ஆர்மியோடு மோதினாலும் அடி விழுவது பெண்கள் மீதுதான். ஆண் போட்டியாளர் கத்தினால் 'கோபக்காரர்', பெண் கத்தினால் அவள் குணத்தையும் குடும்பத்தையும் இழுப்பார்கள். சீசன் 3 இல் காதல் பேச்சு வந்தபோது கவினைத் திட்டியவர்களைவிட லாஸ்லியாவையும் சாக்‌ஷியையும் திட்டியவர்கள் பல மடங்கு. சீசன் 7 இல் மாயாவுக்கும் பூர்ணிமாவுக்கும் வந்த கமென்ட்களை என்னால் இங்கே எழுதவே முடியாது. ரசிகர் சண்டையிலும் அப்படித்தான். எங்கள் குழுவில் ஆண்களுக்குள் சண்டை வந்தால் 'விடுங்க ப்ரோ' என்று முடியும். கனடா அக்கா ஒரு மாற்றுக் கருத்து சொன்னதற்கு அவருடைய குடும்பப் புகைப்படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட்டார்கள். அதைச் செய்தவர் யார் என்று எங்களில் பலருக்குத் தெரியும். அவரை வெளியேற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். 'நல்லா டிரெண்ட் பண்றவர், இப்போ வேண்டாம்' என்று பதில் வந்தது. அக்கா விலகினார், நானும் விலகினேன்.

பாசம் வைப்பது தப்பு, டிவி நிகழ்ச்சிக்கு இவ்வளவு தேவையா என்று இங்கே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒதுக்கப்படும்போது மனசு துடிப்பது நல்ல குணம். அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பைத்தான் கேள்வி கேட்க வேண்டும். வாராவாரம் யாருக்கு எத்தனை வோட்டு விழுந்தது என்ற முழுக் கணக்கை மக்களிடம் காட்டுவதில்லை. அது தெரியாததால்தான் வெளியேறிய ஒவ்வொருவரின் ரசிகருக்கும் யாரோ ஏமாற்றியதாகத் தோன்றுகிறது, அந்தச் சந்தேகம் பக்கத்தில் இருப்பவர் மீதே பாய்கிறது. எலிமினேஷன் அறிவிக்கும்போதே எண்ணிக்கையைத் திரையில் போடட்டும். தர்ஷன் வெளியேறிய அன்று எங்கள் முன்னால் அந்த எண்கள் இருந்திருந்தால், விடிய விடிய நடந்த அந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் இருந்திருக்காது.

இப்போது புதிதாக ஏதாவது ஆர்மியில் சேரப் போகிறீர்கள் என்றால், சேருங்கள். சேர்வதற்கு முன்னால் அந்தக் குழுவின் அட்மின் யார், தன் ஆட்களே எல்லை மீறினால் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சேருங்கள். பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதியவரை, எவ்வளவு வேலை செய்கிறவராக இருந்தாலும், அன்றைக்கே நீக்குகிற அட்மின்கள் இருக்கிறார்கள். நான் இப்போது அப்படிப்பட்ட ஒருவருடைய குழுவில்தான் இருக்கிறேன். ஆள் குறைவு, டிரெண்ட் எதுவும் ஆகாது. அந்தக் கனடா அக்காவும் அங்கேதான் இருக்கிறார்.