கணக்கு முடிக்கச் சொல்கிறார்கள், பாப்பாவைக் கல்லூரிக்கு அனுப்பலாமா?

வணக்கம் அக்கா,

நீங்கள் கேட்டது பாப்பாவின் படிப்பைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லும் முன், மில்லில் உங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டியிருக்கும் தாளைப் பற்றிப் பேச வேண்டும். பழைய ரிங் ஃபிரேம்களை (நூல் நூற்கும் மெஷின்களை) விற்றுவிட்டு ஆளைக் குறைக்கிறார்கள், கணக்கு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளில் 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். என் அப்பா போட்டார். ஒரு கவரும் ஒரு சில்வர் குடமும் வாங்கிக்கொண்டு வந்தார். குடம் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் தாமாக விலகினாரா, மில் அனுப்பியதா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. 16,000 ரூபாய் சம்பளத்தில் இஎஸ்ஐக்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, மாதம் 120 ரூபாய் பிடிப்பார்கள், அதாவது 0.75 சதவீதம். மில் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டும். அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று நம் பக்கம் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலை போனால், இஎஸ்ஐயின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் சராசரிக் கூலியில் பாதி வரை, அதிகபட்சம் 24 மாதம் கிடைக்கும். இரண்டு வருடமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பணம் வரும் அந்த மாதங்களில் குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. 2018-இல் இஎஸ்ஐ தொடங்கிய அடல் திட்டம் வேறு. அதில் 90 நாளுக்குப் பாதிக் கூலி, வாழ்நாளில் ஒரே முறை. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தாமாக விலகியவருக்கு இரண்டுமே கிடையாது.

மில் தர வேண்டியது தனி. 18 வருட சர்வீஸ், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்றால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 1,35,000 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் கூலி, அதுவும் ஏறக்குறைய அவ்வளவே வரும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது: ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகம் 15 நாள் கூலி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். விலகல் கடிதம் கொடுத்தால் கிராஜுவிட்டி மட்டும் மிஞ்சும்.

ஒரு காலத்தில் பஞ்சாலைக்காரர்களுக்கென்றே மறுவாழ்வு நிதித் திட்டம் இருந்தது. 1986-இல் வந்தது. மூடிய மில்லின் தொழிலாளிக்கு முதல் வருடம் கூலியில் 75 சதவீதம், அடுத்து 50, அப்புறம் 25. மெல்ல மெல்லக் கைவிடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆள் வேறு வேலை பிடிக்க அவகாசம் கிடைக்கிறதே. 2017-இல் அதை இஎஸ்ஐயின் ராஜீவ் காந்தி திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகையை இப்போதைக்கு நம்ப வேண்டாம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

சரி, பாப்பா. பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு அனுப்பிவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம் என்பேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். திருப்பூர் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. பல்லடத்திலிருந்து கட்டணமில்லா டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம். அவள் படிப்பால் வீட்டுக்குச் சேரும் செலவைவிட, உதவித்தொகை வராமல் போனால் ஏற்படும் இழப்புதான் பெரிது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வயது 46, ஃபிட்டர். மூன்று மாத டெய்லரிங் பயிற்சிக்கு யாராவது இழுத்தால் போக வேண்டாம். ஸ்பிண்டில் கேஜும் பேரிங்கும் தெரிந்த கை அது. நிட்டிங் மெஷின் பராமரிப்புக்கோ கோவையில் பம்ப் கம்பெனிக்கோ கொஞ்சம் பழகினால் போதும். அந்த ராஜீவ் காந்தி திட்டத்திலேயே தொழிற்பயிற்சிக்கான கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் தருகிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கோவை சிட்ராவிலும் விசாரியுங்கள், 1956-இலிருந்து பஞ்சாலைத் தொழிலுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம்.

திங்கட்கிழமை இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு அவரை அனுப்புங்கள். இன்சூரன்ஸ் நம்பர், ஆதார், பாஸ்புக், கடைசி மூன்று சம்பளச் சீட்டு போதும். எந்தத் திட்டம் இப்போது அமலில் இருக்கிறது, எதில் அதிகம் வரும் என்று அங்கேயே கேட்டு முடிவு செய்யட்டும். மில்லில் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுக்க வழியிருக்கிறதா பார்ப்போம்.