ஓசூர் கடைக்குப் போகும் சரக்குக்கு வட்டி கட்டுவது யார்?

கேள்வி: அரூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். நான்கு வருடமாக வீட்டிலேயே முளைகட்டிய ராகி மாவு, சாமை முறுக்கு, கம்பு லட்டு செய்து விற்கிறேன். மாமியாரும், கூலிக்கு வரும் ஒரு அக்காவும் உதவி. மாதம் 70,000 விற்பனை, 46,000 செலவு போக 24,000 நிற்கிறது. வகுப்பில் நிற்பதைவிட அடுப்படியில் ராகி வறுபடும் வாசனையில் நிற்கும்போதுதான் மனசு நிறைகிறது. வரும் ஜூனில் வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஷெட் பிடித்து, வறுக்கும் ரோஸ்டர், அரைக்கும் பல்வரைசர், பேக்கிங் மெஷின் எல்லாம் வாங்கி 6 லட்சத்தில் பெரிதாகச் செய்யலாமா? மானியக் கடன் கிடைக்கும் என்கிறார்கள். ஓசூரில் கடை வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன் மாதம் 30,000 ரூபாய் சரக்கு எடுக்கிறார், பணம்தான் கொஞ்சம் இழுக்கும். நகைக்கடன் 1,50,000 இருக்கிறது, நூற்றுக்கு ஒண்ணரை வட்டி. சேமிப்பாகத் தினம் 100 ரூபாய் டிஜிட்டல் கோல்டு வாங்குகிறேன். 35,000 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு பிராண்டிங் கோர்ஸ் சொல்கிறார்கள், சேரலாமா? ராத்திரியில் இதையே நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

பதில்:

டீச்சர், வரவு செலவு எழுத வேண்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எழுதியிருக்கிறீர்கள், எடுத்தும் இருக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஷெட், மெஷின், மானியம் என்று கடிதத்தில் பாதி இடம் போயிருக்கிறது. "பணம்தான் கொஞ்சம் இழுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, எனக்கு அங்கேதான் கண் நின்றது.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உங்கள் நோட்டே சொல்கிறது. கடந்த 12 மாதத்தில் ஓசூருக்குப் போன சரக்கு 3,60,000. வந்த பணம் 2,40,000. அதற்கு முந்தைய பாக்கி 45,000. ஆக இன்றைய நிலுவை 1,65,000, அதாவது ஐந்தரை மாதச் சரக்கின் பணம் அவரிடம் நிற்கிறது. சரக்கு விற்றுப் பணமாகியிருக்கும், அந்தப் பணம் வேறு எதிலோ சுற்றிக்கொண்டிருக்கும், அது அவர் பாடு.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. 70,000 விற்பனைக்கு 46,000 செலவு என்றால், 30,000 சரக்குக்குத் தோராயமாக 19,700 செலவு. அவர் மாதாமாதம் சராசரியாகத் தருவது 20,000. புரிகிறதா? தானியம், எண்ணெய், கவர், கூலி, வண்டி வாடகை, இவற்றுக்கான காசு மட்டும் திரும்பி வருகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மாமியாரின் இடுப்பு வலியும் அவருக்கு இலவசம். நீங்கள் லாபம் என்று எழுதிய 24,000-இல் 10,000 நோட்டில்தான் இருக்கிறது, கைக்கு வரவில்லை.

அடுத்தது நகைக்கடன். முதல் தீபாவளிக்கு எண்ணெயும் கவரும் வாங்க 60,000. அடுத்த தீபாவளிக்கு வட்டியைக் கட்டி மறுஅடகு வைத்து 1,00,000. போன தீபாவளிக்கு 1,50,000. தங்கம் விலை ஏறியதால் அதே ஆரத்துக்கும் வளையலுக்கும் அதிகப் பணம் தருகிறார்கள், கேட்டவுடன் கிடைக்கிறது, அதுதான் ஆபத்து. நூற்றுக்கு ஒண்ணரை என்றால் மாதம் 2,250, வருடத்துக்கு 27,000. உங்கள் பள்ளிச் சம்பளத்தில் ஒன்றரை மாதம். இந்த வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்டுவதால் மாவு நோட்டில் அது ஏறவே இல்லை. கடன் எதற்காக வாங்கினீர்கள்? சரக்குப் போட. பணம் வராத சரக்கு எங்கே போயிற்று? ஓசூருக்கு. ஆக அவர் கடைக்கு முதல் போட்டிருப்பது உங்கள் நகை, வட்டி கட்டுவது உங்கள் சம்பளம்.

24,000-இல் வராத 10,000-ஐயும் வட்டி 2,250-ஐயும் கழித்தால் 11,750. இதை நம்பித்தான் 18,000 சம்பளத்தை விடுவதா என்று கேட்கிறீர்கள். 6 லட்சம் திட்டத்தில் உங்கள் பங்கு பத்து சதவீதம் போக 5,40,000 கடன் என்று வைத்துக்கொள்வோம், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம்: மாதத் தவணை சுமார் 11,700. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு மேல் ஷெட் வாடகை, கரண்ட் பில்.

மானியம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான். சிறு உணவுத் தொழிலுக்கான ஒன்றிய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்திருந்தார்கள். ஆனால் அது கடனோடு ஒட்டிய மானியம். கையில் தரமாட்டார்கள். வங்கியில் ஓரமாக நிற்கும், மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டினால்தான் கடனில் கழியும். மானியத்தைக் கழித்துப் போட்டாலும் தவணை 7,000-க்குக் குறையாது. இந்த விவரத்தை ஏஜென்ட் சொல்லமாட்டார், மாவட்ட தொழில் மையத்தில் நேராகப் போய்க் கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

இன்னொன்று, நீங்கள் கவனிக்காதது. ஓசூரைத் தவிர்த்த 40,000 விற்பனையில் 22,000 உங்கள் பள்ளி வழியாக வருகிறது: ஸ்டாஃப் ரூம், பெற்றோர், பக்கத்துப் பள்ளி டீச்சர்கள். மீதி 18,000-தான் வாட்ஸ்ஆப்பில் வந்து கூரியரில் போவது. நீங்கள் விட நினைக்கும் வேலைதான் இப்போதைக்கு உங்கள் பெரிய கடை, அதுவும் வாடகை இல்லாத கடை, கையில் காசு தரும் கடை. ஜூனில் வெளியே வந்தால் அந்த 22,000-இல் எவ்வளவு கூட வரும்? பாதி வந்தால் பெரிது என்பேன். (நிர்வாகத்துக்குத் தெரிந்துதான் விற்கிறீர்கள் என்று நம்புகிறேன்.)

சரி, என்ன செய்வது? ஓசூருக்குக் கடனில் சரக்கு அனுப்புவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். உறவை நிறுத்தச் சொல்லவில்லை. பழைய பாக்கி 1,65,000-ஐத் தனிப் பக்கத்தில் எழுதி, மாதம் 10,000 வீதம் கேளுங்கள். புதுச் சரக்கு கைக்காசுக்கு மட்டும், வண்டி ஏறும் முன் பணம் உங்கள் ஜிபேயில் விழ வேண்டும். வேண்டுமானால் பத்து சதவீதம் விலை குறைத்துக் கொடுங்கள், அது அவருக்குப் பெரிய சலுகை. அப்போதும் அவர் 30,000-க்கு எடுக்கிறாரா 8,000-க்கு எடுக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் சரக்குக்கு ஓசூரில் உண்மையான கிராக்கி எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். கம்பு மாவும் கம்பு லட்டும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கடனில் எடுப்பவர் அளவாக எடுக்கமாட்டார், அலமாரியில் கிடக்க விட்டுப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புவார். போன வருடம் இரண்டு தடவை அனுப்பியும் இருக்கிறார், நோட்டில் இருக்கிறது.

அவர் கோபித்துக்கொண்டு சரக்கே வேண்டாம் என்றால்? அதையும் போட்டுப் பார்த்தேன். 40,000 விற்பனைக்குச் செலவு 26,300, மீதி 13,700, நகை வட்டி போக 11,450. இப்போது கைக்கு வருவது 11,750. ஆக ஓசூரை மொத்தமாக இழந்தால் உங்களுக்கு நஷ்டம் மாதம் 300 ரூபாய். இந்த 300 ரூபாய்க்காகத்தான் வேலையில் ஏழில் மூன்று பங்கு போகிறது, நகை அடகில் இருக்கிறது, தூக்கமும் இல்லை.

இதை யார் சொல்வது என்று தயங்குவீர்கள். ஆரம்பத்தில் உங்கள் பாக்கெட்டை அலமாரியில் வைக்க இடம் கொடுத்தவர், வயதில் மூத்தவர், நீங்கள் வீட்டு மருமகள். நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் தன் அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்லட்டும், போனில் வேண்டாம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. "நகையைத் திருப்பணும் அண்ணா, அதனால இனிமே கைக்காசு" என்றால் போதும், அதில் பொய்யும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. உதயம் என்ற சிறுதொழில் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சொந்த மச்சாண்டார் மேல் அதைத் தூக்கச் சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்குத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ புதுக் கடை பிடிக்கும்போது அந்த 45 நாளை முதலிலேயே பில்லில் அச்சடித்துவிடுங்கள்.

டிஜிட்டல் கோல்டு பற்றி. சொந்தத் தங்கத்தை வருடம் 18 சதவீதத்துக்கு அடகில் வைத்துவிட்டு, செல்போனில் தினம் 100 ரூபாய்க்குத் தங்கம் வாங்குகிறீர்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி., அப்புறம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு. போதாததற்கு, இந்த டிஜிட்டல் கோல்டு தன் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. பெயரைப் புதிதாக வைத்து ஆப்பில் போட்டுவிட்டால் படித்தவர்களும் கணக்கை மறந்துவிடுகிறோம். இன்றே நிறுத்துங்கள். மாதம் அந்த 3,000, ஓசூரிலிருந்து வரும் 10,000, இரண்டையும் நகைக்கடன் அசலில் கட்டினால், வட்டியை இப்போது போலவே சம்பளத்தில் பார்த்துக்கொண்டால், ஒரு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையில் அசல் கட்டினால் ஏதாவது கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராண்டிங் கோர்ஸ்: வேண்டாம். வாய் வார்த்தையிலேயே 40,000-க்கு விற்பவருக்கு லோகோவின் நிறம் என்ன பிரச்சினை? கற்றுக்கொள்ள ஆசை என்றால் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே நிஃப்டெம் என்ற நிறுவனம் இருக்கிறது. மாவு ஏன் சிக்கு வாடை அடிக்கிறது, எந்தக் கவரில் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே கேளுங்கள். உங்களுக்கு விற்பனை கூடுவது அதில்தான்.

மெஷினில் ஒரே ஒரு விஷயம். ஞாயிறு முழுக்க வறுப்பதிலேயே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அரைப்பதைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. அப்புறம் பல்வரைசர் எதற்கு? அரைப்பதை இப்போது போலக் கூலிக்கே கொடுங்கள். நகை திரும்பிய பிறகு, சின்ன ரோஸ்டர் ஒன்று மட்டும் சொந்தக் காசில். மீதி இருக்கும் காசை, சாமை அறுவடை முடிந்து விலை இறங்கும் நேரத்தில் சித்தேரி மலைப்பக்கம் நேராகப் போய் மூட்டையாக வாங்கிப் போட வையுங்கள். ஓசூரில் சிக்கியிருக்கும் சரக்கின் அடக்க விலை மட்டுமே 1,08,000 வரும், அந்தக் காசு கையில் இருந்திருந்தால் வியாபாரியிடம் கிலோ கணக்கில் கூடுதல் விலை கொடுத்திருக்க வேண்டாம்.

இந்த ஜூன் வேண்டாம், டீச்சர். அடுத்த ஜூனைப் பற்றிப் பேசலாம், அதற்கும் கணக்கு உண்டு. நகை வீட்டில் இருக்க வேண்டும், பள்ளிக்கு வெளியே நேரடி விற்பனை இப்போதைய 18,000-இலிருந்து 50,000-க்காவது வந்திருக்க வேண்டும், கைக்கு வந்த லாபம் தொடர்ந்து ஆறு மாதம் 20,000-க்கு மேல் நின்றிருக்க வேண்டும். பில் போட்ட காசைச் சேர்க்காதீர்கள், வங்கியில் விழுந்த காசு மட்டும். மனசு நிறைகிறது என்று எழுதியதை நான் லேசாக எடுக்கவில்லை. ஓசூர் சரக்கு குறைந்தால் மிச்சமாகும் நேரத்தில்தான் அந்த வேலையை நீங்கள் நிதானமாகச் செய்ய முடியும்.

பெங்களூரில் இருக்கும் தோழியின் அப்பார்ட்மென்ட்டுக்கு அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஒரு பெட்டி விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் பேசாமல் அனுப்ப வேண்டாம்.

அப்புறம் தீபாவளி. புரட்டாசி பிறந்ததும் ஓசூரிலிருந்து போன் வரும், "இந்தத் தடவை ஒரு லட்சத்துக்குப் போடும்மா" என்பார். பாதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு எண்ணெய் டின் வாங்குங்கள்.