அறிவியல் கேள்வி-பதில்: வேலூரில் 42, சென்னையில் 37... எது அதிகச் சூடு?

கேள்வி: வேலூரில் 42 டிகிரி அடித்தாலும் சமாளித்துவிடுகிறேன். சென்னையில் மகள் வீட்டுக்குப் போனால், செய்தியில் 37 தான் சொல்கிறார்கள், ஆனால் உயிர் போகிறது. ஒரு பாட்காஸ்டில் ஆய்வாளர்கள் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' பற்றிப் பேசினார்கள், பாதிதான் புரிந்தது. விளக்குங்களேன்.
(வாசகி, வேலூர்)

பதில்: உங்கள் உடம்பு சொல்வதுதான் சரி, அம்மா. செய்தியில் வரும் 42, 37 எல்லாம் காற்றின் சூடு மட்டும்தான். வெளியே நம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது உடம்புச் சூட்டை வெளியேற்ற நமக்கு இருப்பது வியர்வை ஒன்றுதான், அதுவும் வழிந்து சொட்டினால் பயனில்லை, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் இந்த வேலை மந்தமாகிவிடுகிறது. சட்டை நனைகிறது, உடம்பு குளிர்வதில்லை, புழுக்கம் என்கிறோம்.

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. துணியின் ஈரம் ஆவியாகி, வியர்வையைப் போலவே குமிழைக் குளிர்விக்கிறது. வேலூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள், ஈரக்குமிழ் அளவு சுமார் 24. சென்னையில் 37 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் சுமார் 30. உடம்பின் கணக்கில் சென்னைதான் முன்னால் நிற்கிறது!

ஈரக்குமிழ் அளவு 35ஐத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று ஸ்டீவன் ஷெர்வுட், மாத்யூ ஹூபர் என்ற இரு காலநிலை ஆய்வாளர்கள் 2010ல் எழுதினார்கள். அது ஏட்டுக் கணக்கு. அப்புறம் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சூடான அறையில் லேசான வேலை செய்ய வைத்து, விழுங்கிய ஒரு சிறு கருவி வழியாக உள்சூட்டை அளந்து பார்த்தார்கள். 2022ல் முடிவு வந்தது: ஈரமான சூழலில் சுமார் 31லேயே உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறத் தொடங்குகிறது. இளைஞர்களுக்கே இப்படி என்றால் வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே.

எனக்கு இதில் பெரிய குறை ஒன்று உண்டு. கடலோர ஊரில் வெப்ப அலை என்று அறிவிக்க 37 டிகிரியையாவது தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். ஈரப்பதம் அந்தக் கணக்கில் இல்லை. மே மாதச் சென்னைக்கு 37 இயல்பான அளவு என்பதால், மூட்டை தூக்குபவர் மயங்கி விழும் நாளிலும் வெப்ப அலை இல்லாமல் போகலாம். பத்திரிகைகளாவது தலைப்பில் டிகிரியோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட வேண்டும், நாங்களும்தான்.

அதற்காக வேலூர் வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. 40க்கு மேல் மின்விசிறி சுடுகாற்றைத்தான் நம்மேல் தள்ளும், கை, கால், முகத்தை நனைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: என் கார் 46 டிகிரி காட்டுகிறது, செய்தியில் 41 என்கிறார்கள். குறைத்துச் சொல்கிறார்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. காரின் சென்சார் தார்ச்சாலைச் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறது. வானிலை மையத்தில் தெர்மாமீட்டர், தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில், சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் இருக்கும். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். எல்லா ஊரையும் ஒரே முறையில் அளந்தால்தானே ஒப்பிட முடியும்? வெயிலில் நிற்பவருக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் சுடும், அந்தச் சந்தேகம் நியாயமானது.

கேள்வி: '10 செ.மீ. மழை' என்றால் எவ்வளவு தண்ணீர்? ஞாயிறு கொட்டிய மழையைத் திங்கள் கணக்கில் போடுவது ஏன்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: தண்ணீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல் அப்படியே நின்றால் 10 செ.மீ. உயரம் நிற்கும், அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்றால், 10 செ.மீ. மழையில் சுமார் 9,300 லிட்டர் விழுகிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 கோடி லிட்டர். உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர், ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். எந்த வடிகால் தாங்கும்?

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து, முந்தைய 24 மணி நேரத்துக்கான அளவை அன்றைய தேதியில் எழுதுவார்கள். 2023 டிசம்பர் 17, ஞாயிறு, உங்கள் ஊரை மூழ்கடித்த மழை 18ஆம் தேதிக் கணக்கில் இருப்பது அதனால்தான்.