மன்னிப்புக் கடிதம் இரண்டு பக்கம் இருக்கட்டும்

கேள்வி: அம்மா, என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். சிறு வயது முதல் அவனுக்குத் திக்குவாய். காலையில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று உடனே சொல்ல வராது. 'உ... உ...' என்று நின்றுவிடுவான். அதையே பிடித்துக்கொண்டு மூன்று பையன்கள் ஜூன் மாதத்திலிருந்து அவனைக் காணும் இடத்திலெல்லாம் ஊளையிடுகிறார்கள். வேனில் கடைசி சீட்டில் நடுவே உட்காரவைத்துத் தலையில் குட்டுகிறார்கள். ஒரு நாள் டிபன் பாக்ஸைப் பிடுங்கி, அதில் எச்சில் துப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் இரண்டு முறை சொன்னேன். "விளையாட்டுக்குச் செய்வார்கள், பெரிதுபடுத்தாதீர்கள்" என்றார். லேத் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், "திருப்பி அடித்துவிட்டு வா, இல்லையென்றால் வீட்டுக்கு வராதே" என்று மகனிடம் சொல்லிவந்தார். போன வாரம் அவன் ஜாமெட்ரி பாக்ஸால் ஒருவனின் நெற்றியில் அடித்துவிட்டான். மூன்று தையல். மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள் என்கிறது பள்ளி. கணவர் பெருமைப்படுகிறார். பிள்ளையோ சாப்பிடுவதே இல்லை. கடிதம் எழுதலாமா? பள்ளியை மாற்றிவிடலாமா?

– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: கடிதத்தை எழுதுங்கள், அம்மா. ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் நான்கு வரிக் கடிதம் வேண்டாம். இரண்டு முழுப் பக்கம் எழுதுங்கள். 'பாக்ஸால் அடித்துக் காயப்படுத்தியதற்கு வருந்துகிறேன்' என்பது முதல் வரி. அதோடு சாக்கு எதையும் சேர்க்க வேண்டாம். தையல் போட்ட வலி அந்தப் பையனுக்கும் வலிதான். அடுத்த வரி, 'ஜூன் மாதம் முதல் எனக்கு நடந்தவை இவை' என்று தொடங்கட்டும். வேனில் குட்டியது, டிபன் பாக்ஸில் துப்பியது, பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், நீங்கள் வகுப்பாசிரியரைச் சந்தித்த இரண்டு நாட்கள், அவர் சொன்ன பதில் என்று எல்லாம் வர வேண்டும். தேதி நினைவில்லாவிட்டால் 'காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம்' என்று எழுதினால் போதும். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவன் திக்கி நிற்கும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காமல் காத்திருங்கள். கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டி.சி. மிரட்டலுக்குப் பணிய வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்களாகப் போய் டி.சி. கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி எழுதுவது உங்கள் கணவருக்கு. அவர் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, பெற்ற பிள்ளையின் சோற்றில் ஒருவன் எச்சில் துப்பினான் என்றால் எந்தத் தகப்பனுக்கும் இரத்தம் கொதிக்கும். பிடித்து வைத்துக் குட்டுகிறவனின் கையை உதறித் தள்ளுவதும், கத்திக் கூப்பாடு போடுவதும், தப்பி ஓடுவதும் எந்தப் பிள்ளைக்கும் உரிமை. அதைத் தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னது அதுவல்லவே. 'இல்லையென்றால் வீட்டுக்கு வராதே' என்றீர்கள். மூன்று பேரைச் சமாளிக்கும் வேலையை ஏழாம் வகுப்புப் பையன் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக் கதவையும் சாத்தினீர்கள். வேனில் அவர்களுக்குப் பயந்தான், வீட்டில் உங்களுக்குப் பயந்தான். போன வாரம் உங்களைப் பற்றிய பயம் தீர்ந்தது. அவர்களைப் பற்றிய பயம் பல மடங்காகிவிட்டது. தையல் பிரித்ததும் அடிபட்ட பையன் வருவான், மற்ற இருவரும் அவனோடு சேர்ந்து வருவார்கள். பிள்ளைக்குச் சோறு இறங்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனை முதல் நாளே ஓடுகிற லேத்தில் தனியாக விடுவீர்களா? பக்கத்தில் நிற்பீர்கள் அல்லவா? இங்கேயும் நில்லுங்கள். கடிதம் கொடுக்கப் போகும்போது நீங்களும் போங்கள். காயம்பட்ட பையனின் வீட்டுக்கு முதலில் நீங்கள் போய் வாருங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, ஒரு பிள்ளைக்கு நான் இழைத்த தவறு காரணம். 1994-இல் எட்டாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தேன். மெலிந்த ஒரு பையன், இன்னொருவன் தன்னைத் தினமும் மிதிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்தான். இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "கை குலுக்கிவிட்டுப் போங்கள், நாளை முதல் நண்பர்களாக இருக்க வேண்டும்" என்றேன். குலுக்கினார்கள். எனக்குத் திருப்தி. அந்தக் கைகுலுக்கலிலேயே மற்றவன் அவனுடைய விரல்களை நெரித்தான் என்பதும், "டீச்சரிடம் சொல்வாயா?" என்று அன்று மாலையே அடித்தான் என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்த மெலிந்த பையன் பள்ளிக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவனை ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். சமபலம் உள்ள இருவர் போடும் சண்டைக்குத்தான் சமாதானம் பொருந்தும். ஒருவன் மிதிப்பதும் மற்றவன் மிதிபடுவதும் சண்டை அல்ல என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

நார்வே நாட்டில் 1982-இன் இறுதியில், சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்ற செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே நாடு முழுவதும் இதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அடிவாங்கும் பிள்ளைக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருவது அவர் திட்டத்தில் இல்லை. இடைவேளையில் ஆசிரியர்கள் மைதானத்தில் நிற்பது, வகுப்பில் விதி வகுப்பது, இரு தரப்புப் பெற்றோரிடமும் பேசுவது என்று அத்தனையும் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். இரண்டு ஆண்டுகளில் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆகவே பள்ளியிடம் 'கண்டியுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வேனில் அவனுக்கு டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட் வேண்டும் என்று கேளுங்கள். பெயர் கூப்பிடும்போது கையை உயர்த்தினால் போதும் என்று ஆக்கச் சொல்லுங்கள். வேனில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவரையாவது மகன் பெயர் சொல்வான். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசுங்கள். கனடாவில் டொரோன்டோ பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், உடனிருந்த பிள்ளை ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் தொல்லை நின்றுபோனதைக் கண்டார்கள். ஆனால் குறுக்கிடுகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகனுக்கு அப்படி ஒரே ஒரு துணை கிடைத்தால் போதும்.

கேட்கக் கசப்பாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இதில் சாதி இருக்கிறதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் தொல்லை செய்தவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பட்டியல் சமூகத்துப் பிளஸ் டூ மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. பள்ளிக்குச் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது 2024 ஜூனில் அவர் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று. உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு வாடை இருந்தால் பள்ளியோடு நிறுத்தாமல் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால், பத்து நாளில் பள்ளி அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களுக்குப் பேசுங்கள்.

பள்ளி மாற்றுவதை இவ்வளவும் செய்த பிறகு யோசியுங்கள், அதையும் பிள்ளையிடம் கேட்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். அது அவன் எளிதாகப் பேசுவதற்காக. அவர்கள் துப்பியதற்கு அவன் நாக்கு காரணம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் வகுப்பில் ஒரு பெண்ணிடம் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டுக்கே வந்து அழுதார். என் மகள் யாரையும் கிள்ளக்கூட இல்லை. பேசாமல் இருப்பதும் குற்றமா?

– வாசகி, தாம்பரம்

பதில்: ஒருத்தி இன்னொருத்தியிடம் காய் விட்டால் நாளைக்கே பழம் விட்டுவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியிடம் காய் விட்டால், பழம் விட அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மதிய இடைவேளையில் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று இன்றிரவு மகளிடம் கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள். அவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கழிப்பறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடிவைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழுதுகொண்டு வந்த அந்த அம்மாவை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னீர்களா? இல்லையென்றால் நாளை நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கட்டாயப்படுத்திக் கை குலுக்கவைத்து நான் இழந்த பிள்ளையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.