ஃபேன் ரெகுலேட்டருக்கு வேவ் மேக்கர் அடங்காது

கேள்வி: வீட்டில் மூன்றடி மீன்தொட்டி வைத்திருக்கிறோம். நான்கு ஏஞ்சல் மீன்கள் இருக்கின்றன. கடைக்காரர் சொன்னதால் 230 வோல்ட்டில் ஓடும் வேவ் மேக்கர் (தொட்டித் தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் பம்பு) வாங்கிப் பொருத்தினேன். அதை ஓடவிட்டால் மீன்கள் மூலையில் ஒடுங்கிவிடுகின்றன. வேகத்தைக் குறைக்க 700 ரூபாய்க்கு ‘ஸ்பீடு கன்ட்ரோலர்’ பெட்டி இருக்கிறது என்று அதே கடையில் சொல்கிறார்கள். என்னிடம் பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே இணைத்துக்கொள்ளலாமா? — வாசகர், திருச்சி

பதில்: ரெகுலேட்டரும் வேண்டாம், அந்த 700 ரூபாய்ப் பெட்டியும் வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். இப்படி விற்கிற பெட்டிகளில் மூன்றைத் திறந்து பார்த்துவிட்டேன். மூன்றிலும் ஃபேன் ரெகுலேட்டரில் இருக்கும் அதே சின்ன டிம்மர் போர்டு, அதே குமிழ். மேலே ஒட்டியிருக்கும் அலைப் படம்தான் புதிது.

சீலிங் ஃபேன் மோட்டார் வேறு ஜாதி. வோல்டேஜைக் குறைத்தால் அது வழுக்கிக்கொண்டே மெதுவாகச் சுற்றும். உங்கள் பம்பின் நடுவில் இருப்பது உருண்டையான ஒரு நிரந்தரக் காந்தம். பம்பைக் கழற்றி அந்தக் காந்தத்தை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இடறும். வடக்கு, தெற்கு என்று இரண்டே துருவம் இருப்பதால்தான் அந்த இடறல். வீட்டு கரன்ட் நொடிக்கு 50 சுழற்சி என்றால் இந்தக் காந்தமும் நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000. வோல்டேஜ் 230 இருந்தாலும் 180 இருந்தாலும் அதே 3000தான். இன்னும் குறைத்தால் மெதுவாகாது, தடுமாறி நின்றுவிடும். வேகம் மாற வேண்டுமானால் அந்த 50 மாற வேண்டும். ரெகுலேட்டர் அந்த 50-ஐத் தொடுவதே இல்லை.

‘கடையில் வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார்களே, குமிழைத் திருப்பியதும் குறைந்ததே’ என்பீர்கள். குறைந்தது சத்தம். வோல்டேஜ் இறங்கினால் பம்பின் அதிர்வு குறையும், காதுக்கு வேகம் குறைந்தது போலவே இருக்கும். இந்த ஒரு விளக்கத்தை வைத்துத்தான் அந்தப் பெட்டி விலைபோகிறது. அடுத்த முறை காட்டினால் சத்தத்தைக் கேட்காதீர்கள். தண்ணீரில் நான்கு பொரியைப் போட்டு அவை ஓடும் வேகத்தைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை தெரியும். டிம்மர் கரன்டை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அளவில் நறுக்கப்படாவிட்டால் காயில் சூடாகும். நின்றுபோன காந்தம் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உதறும், ஷாஃப்ட்டும் புஷ்ஷும் தேயும். காயில் முழுவதையும் ரெசின் ஊற்றி அடைத்திருப்பதால் எரிந்துவிட்டால் திரும்பக் கட்டவும் முடியாது. அப்போது பம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், ‘இம்போர்ட்டட் அயிட்டம் சார், கேரன்டி கிடையாது’ என்பார்கள். பில்லும் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனாலும் தண்ணீருக்குள் முக்கி 230 வோல்ட்டில் ஓட்டும் பொருளை வெறும் அட்டைப்பெட்டியில், ஒரு வரி தமிழோ ஆங்கிலமோ இல்லாமல் கவுன்டரில் விற்கிறார்கள், நாமும் வாங்கி வருகிறோம். இதைக் கேட்க ஆளில்லாமல் போனது எனக்கு ஆறவே ஆறாத கோபம். நீங்களாவது பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

வேறு சிலர் ‘டைமர் போர்டு போட்டு பத்து நொடி ஓடி, பத்து நொடி நிற்கும்படி வையுங்கள், அலை மாதிரி வரும்’ என்பார்கள். கணக்குப் போடுங்கள், ஒரு நாளைக்கு 4320 முறை ஸ்டார்ட் ஆக வேண்டும். இந்த வகைப் பம்புக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே ஸ்டார்ட் ஆகும்போது தெரியாது. தப்பான பக்கம் கிளம்பினால் தட்டித் திரும்பும். அந்த ‘டக்’ ஒவ்வொன்றும் ஷாஃப்ட்டின் மேல் விழும் அடி. தீனி போடும் நேரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வைக்க டைமர் நல்லது, அதற்கு மேல் வேண்டாம்.

வேகம் குறைத்தே தீர வேண்டும் என்றால் டிசி வேவ் மேக்கர் வாங்க வேண்டும். பெரும்பாலும் 24 வோல்ட் அடாப்டர், அதை அடுத்து ஒரு கன்ட்ரோலர், அங்கிருந்து பம்புக்குப் போகும் கேபிளில் மூன்று ஒயர் இருக்கும். கன்ட்ரோலர் அந்த மூன்றுக்கும் முறை வைத்து கரன்ட் கொடுக்கிறது, அதன் வேகத்தை மாற்றினால் பம்பும் மாறுகிறது. உங்கள் பழைய பம்பில் இல்லாதது அதுதான். கூடுதலாக எதைச் சேர்த்தாலும் கன்ட்ரோலரின் சிக்னல் சாக்கெட்டில் மட்டும் சேருங்கள், சில மாடல்களில் 0 முதல் 10 வோல்ட் வரை சிக்னல் வாங்கும் துளை இருக்கும். அந்த மூன்று ஒயரை மட்டும் வெட்டி நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கேட்டுவிட்டு எல்லாப் பம்புக்கும் பொருத்திக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிசி பம்புகள் சிலவற்றில் தனிக் கன்ட்ரோலர் இருக்காது. அடாப்டரிலிருந்து இரண்டே ஒயர் நேராகப் பம்புக்குள் போகும், ஓட்டும் சர்க்யூட் பம்பின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். இதில் மட்டும் வோல்டேஜைக் குறைத்தால் வேகமும் குறையும். 12, 9, 7.5, 6 என்று மாற்றிக்கொள்ளும் அடாப்டரைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய்த் தேட வேண்டியதில்லை, உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைக்கும். பம்பின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரை விட அடாப்டரின் ஆம்பியர் குறையக் கூடாது. ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பு 6 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பாமல் போகலாம். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது கரன்ட் போய்த் திரும்ப வந்தால் அது தானாகக் கிளம்ப வேண்டுமே. எந்தப் படியில் கிளம்ப மறுக்கிறதோ அதற்கு மேல் படியில் வையுங்கள். அப்புறம், எல்இடி பட்டைக்கு விற்கும் டிம்மரை இதில் மாட்டாதீர்கள். அது கரன்டை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றும், உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கத் திணறும். இரண்டு ஒயர், 12 வோல்ட், டிசி என்ற மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இந்த வழி. உங்கள் பம்பு 230 வோல்ட்டில் ஓடுவது, இது உங்களுக்கு இல்லை.

சரி, கையில் இருக்கும் பம்பை என்ன செய்வது? ஏஞ்சல் மீன் தட்டையான உடம்பும் நீண்ட துடுப்பும் உள்ளது, ஓட்டத்தை எதிர்த்து நிற்க அதற்கு வலு போதாது. மூன்றடித் தொட்டியில் நான்கு ஏஞ்சலுக்கு ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீரின் அசைவே பெரும்பாலும் போதும். வேவ் மேக்கரை உங்களுக்கு விற்றிருக்கவே கூடாது. இருந்தாலும் கழற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பம்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, பின்கண்ணாடியைப் பார்த்தபடி சாய்த்துத் திருப்புங்கள். கண்ணாடியில் மோதிச் சிதறும் ஓட்டத்துக்கு வேகம் பாதியும் இருக்காது. பிளக்குக்குப் போகும் ஒயர் ஓரிடத்தில் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கட்டும், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். இல்லையென்றால் அதைப் போடும்வரை தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

பம்பைத் திருப்பி வைத்த பிறகு ஒரு மணி நேரம் தொட்டியின் முன் உட்காருங்கள். ஏஞ்சல்கள் நடுத்தொட்டிக்கு வந்து, பக்கத் துடுப்பை மட்டும் மெல்ல அசைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றால் ஓட்டம் சரியாக இருக்கிறது. வால் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பம்பைக் கழற்றிவிடுங்கள்.