குறைமாதக் குழந்தை பால் கக்குகிறது, வயிறு உப்புகிறது. உரைமருந்து கொடுக்கலாமா?

கேட்டிருப்பவரின் குழந்தை 32 வாரத்தில் பிறந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. குடித்த பாலைக் கக்குகிறது, முகம் சிவக்க முக்குகிறது, வயிறும் கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. பெரியவர்கள் உரைமருந்து கொடுக்கச் சொல்கிறார்களாம்.

கொடுக்காதீர்கள். குழந்தைகள் டாக்டர் சொன்ன சொட்டு மருந்தும் தாய்ப்பாலும் தவிர வாயில் ஒன்றும் வைக்காதீர்கள்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். என் மகள் 31 வாரத்தில் கோயமுத்தூரில் பிறந்தாள். நான் டாக்டர் இல்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்து பார்த்ததையும், அங்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். வருகிறவர்கள் எல்லோரும் எடையைத்தான் விசாரிப்பார்கள், குடலை யாரும் நினைப்பதில்லை. சப்புவது, விழுங்குவது, நடுவில் மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்து வருவதே 34 வாரத்தை ஒட்டித்தான். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்க வைக்கும் நொதியும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வேகமாகக் கூடுகிறது. குடலின் அசைவு இன்னும் சீராகியிருக்காது. இரைப்பையின் வாய்த்தசையும் சட்டென்று தளர்ந்துவிடும், அதனால்தான் கக்கல். குடித்ததும் கொஞ்சம் வழிகிறது, ஆனால் எடை ஏறுகிறது, முக்கி முக்கிப் போனாலும் மலம் இளக்கமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

மருத்துவமனையில் எவ்வளவு பொறுமையாகப் பால் கொடுத்தார்கள் என்று பார்த்திருந்தால் உரைமருந்து நினைப்பே வராது. முதலில் வாய்வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால். நர்ஸ் சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு வெறும் குழலை உயர்த்திப் பிடிப்பார். பால் தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளவே மாட்டார். ஓரிரு மில்லியில் ஆரம்பித்து, வாந்தி உண்டா, வயிறு மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்கள். அப்புறம் பாலாடை, அதாவது நுனி கூம்பிய சின்னக் கிண்ணம். நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற அதே பாலாடைதான், நன்றாகக் கொதிக்க வைத்தது. நுனியை உதட்டோரம் வைத்து லேசாகச் சாய்த்தால், அவளே நாக்கை நீட்டி நக்கி எடுத்துக்கொள்வாள்.

இத்தனை கவனத்துக்குக் காரணம் என்.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் குடல் நோய். குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் வீங்கி அழுகிப்போகும், சில சமயம் ஓட்டையே விழும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. அம்மாவுக்குப் பால் ஊறாதபோது, தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய தாய்ப்பால் கிடைக்குமா என்று கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது.

உரைமருந்துக்கு வருகிறேன். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு, கடுக்காய் எல்லாம் நம் பாட்டிமார் அன்போடு உரைத்துக் கொடுத்தவைதான். ஆனால் அந்தக் கல்லும் தண்ணீரும் எவ்வளவு சுத்தம்? ஒரு உரசலில் எவ்வளவு மருந்து இறங்குகிறது? இரண்டு கிலோ குழந்தையிடம் இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது, தசைகளைச் செயலிழக்க வைக்கும் பாட்யூலிசம் என்ற நோயின் கிருமி அதில் இருக்கலாம். கிரைப் வாட்டரும் வேண்டாம். வயிற்றில் சிக்கியதை ஊதியோ உறிஞ்சியோ எடுப்பதாகச் சொல்பவர்களிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அங்கே போய்வரும் ஒரு மணி நேரம், குடல் நோய் வந்த குழந்தைக்கு உயிர் போகும் நேரம்.

பெரியவர்கள் மனம் நோகாமல் மறுப்பது கஷ்டம்தான். என் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா), "டாக்டர் சொல்ற வரைக்கும் வாயில ஒண்ணும் வைக்க வேண்டாமுங்க அம்மிச்சி, நீங்க இவளை நெஞ்சுல போட்டுக்குங்க" என்றேன். கங்காரு முறைதான்: உடம்போடு உடம்பு ஒட்டி, மேலே துணி சுற்றி. அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை, வீட்டில் நோய் நொடி இல்லாத யாரும் செய்யலாம். அம்மிச்சிக்கு ஒரு வேலை கிடைத்தது, எனக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது. உரைகல் பேச்சும் நின்றுபோனது.

வாந்தி பச்சையாக வந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், வயிறு கல்லாட்டம் இறுகினால், பால் வேண்டாமென்று துவண்டு கிடந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. ஆறு மாதம் ஆகிவிட்டது, சோறு ஊட்டு என்று சீக்கிரமே ஆரம்பிப்பார்கள். எங்கள் டாக்டர் பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிரசவத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து மாதத்தை எண்ணச் சொன்னார். உங்கள் குழந்தைக்கு எந்தக் கணக்கு என்று அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.